பால்கணக்கு மென்பொருளுக்குச் சின்னமும் நிறங்களும்: எதை முதலில் முடிவு செய்வது?

மூலத்தறை வாய்க்கால் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே உள்ள ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். வீட்டிலும் தோட்டத்திலும் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம் என்று இரண்டு மொழிகளோடும் வாழ்கிறவர்கள் நாங்கள். நண்பர்கள் மூவர் சேர்ந்து, பால் சங்கங்கள் பயன்படுத்துவதற்கான மென்பொருள் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக எழுதி வருகிறோம். காலையிலும் மாலையிலும் பால் ஊற்றுகிறவர்களின் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) ஆகியவற்றைப் பதிந்து, விலையைக் கணக்கிட்டு, சிறிய சீட்டாக அச்சிட்டுக் கொடுப்பது அதன் வேலை. மூலநிரல் முழுவதும், எவரும் எடுத்து மாற்றிப் பகிர இடம் தரும் குனூ பொது உரிமத்தின் 3ஆம் பதிப்பின் கீழ் வெளியிடப்பட்டுள்ளது. 'பால்கணக்கு' என்ற சொல்லை இரு மொழியினரும் கேட்டவுடன் புரிந்துகொள்வதால் அதையே பெயராக வைத்தோம்.

இப்போது அக்கம்பக்கத்துச் சங்கங்களும் கேட்கத் தொடங்கியிருப்பதால், சின்னமும் நிறங்களும் தேவைப்படுகின்றன. எங்களிடம் மூன்று வரைவுகள் இருக்கின்றன. ஒன்று மாட்டின் தலை. இரண்டாவது, எங்கள் வயல் வரப்புகளில் நிற்கும் கரும்பனை. மூன்றாவது, 'ப' என்ற எழுத்தையே பால் நிறைந்த போசியாக (பாத்திரமாக) வரைந்தது. நிறத்தில்தான் பெரிய கருத்து வேறுபாடு: ஒருவர் பச்சை என்கிறார், இன்னொருவர் சிவப்பு என்கிறார், நான் நீலம் என்கிறேன். ஒரு மாதமாக இதையே பேசிக்கொண்டிருக்கிறோம். எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், கட்டற்ற மென்பொருளுக்குச் சின்னம் அமைக்கும்போது தனியாகக் கவனிக்க வேண்டியவை என்ன என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கோட்டோவியன்

நிறத்தைப் பற்றிய பேச்சை இன்றே நிறுத்திவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். உங்கள் சின்னத்தை அதிகமானவர்கள் பார்க்கப் போகும் இடம் கைபேசித் திரையோ இணையதளமோ அல்ல; சங்கத்தில் கொடுக்கும் சீட்டு. அது 58 மில்லிமீட்டர் தாளில் அச்சிடும் வெப்ப அச்சுப்பொறியாக இருந்தால், பெரும்பாலும் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம், அகலம் முழுவதற்கும் 384 புள்ளிகள்தான் கிடைக்கும். அங்கே நிறம் இல்லை, சாம்பல் நிறச் சாயைகளும் இல்லை. ஒரு புள்ளி கருக்கும் அல்லது கருக்காமல் இருக்கும், அவ்வளவுதான். 12 மில்லிமீட்டர் அகலத்தில், அதாவது 96 புள்ளிகளில், கறுப்பில் மட்டும் வரைந்து அடையாளம் தெரியாத சின்னம் உங்களுக்குப் பயன்படாது. சங்கத்தின் ரப்பர் முத்திரையும் இதே சோதனையைத்தான் வைக்கும். மை சற்றுப் பரவினாலும் அடைந்துவிடாத இடைவெளிகள் அதற்கு வேண்டும்.

மூன்று வரைவுகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கரும்பனை அழகான மரம்தான், அந்த ஊரின் வானமே அதை வைத்துத்தான் நினைவில் நிற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசிறி ஓலையின் கீறல்கள் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டி, குச்சியின் மேல் வைத்த கரிய உருண்டையாகிவிடும். மாட்டின் தலை தெளிவாகத் தெரியும். ஆனால் பால் பொட்டலம், நெய் டப்பா, தீவன மூட்டை என்று எல்லாவற்றின் மேலும் மாட்டின் தலை இருக்கிறது. நூறு மாடுகளுக்கு நடுவே உங்கள் மாட்டை யார் அடையாளம் காண்பார்கள்? வி.எல்.சி. ஊடக இயக்கியின் ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்புக்கும் காணொளிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பாரிஸ் மாணவர்கள் தங்கள் விடுதி வட்டாரத்தில் சேர்த்து வைத்திருந்த கூம்புகளிலிருந்து அது வந்தது என்பார்கள். வேறு எந்த மென்பொருளிடமும் கூம்பு இல்லாததால்தான் அது மனத்தில் நின்றது. செய்யும் தொழிலைப் படமாக வரைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

மூன்றாவது வரைவே எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழின் பகரம் இயல்பிலேயே மேலே திறந்த ஒரு பாத்திரம். மலையாளத்தின் பகரமும், இடப்பக்கத்தில் சற்று வளைந்தாலும், மேலே திறந்ததுதான். இரண்டு எழுத்தையும் அறிந்த ஒருவர் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் படிக்கக்கூடிய வடிவம் எளிதில் வாய்க்காது. ஆனால் உள்ளே பாலை நிரப்ப வேண்டாம். உலாவித் தாவலில் வரும் 16 புள்ளி அகலச் சின்னத்தில், நிரம்பிய பகரம் வெறும் கட்டமாகத் தெரியும். பால்மட்டத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரு சுவர்களையும் தொடாமல் நடுவில் ஒரே ஒரு கோடு போதும். அதுவும் பெரிய அளவுகளில் மட்டும். ஆண்ட்ராய்டு செயலிச் சின்னத்துக்கு 108 அலகு அகலப் பரப்பு கொடுப்பார்கள் என்றாலும், ஒவ்வொரு கைபேசியும் அதைத் தனக்குப் பிடித்த வடிவத்தில் வெட்டும். நடுவில் 66 அலகு விட்டமுள்ள வட்டத்துக்குள் இருப்பது மட்டுமே வெட்டுப்படாது என்று நம்பலாம். பகரத்தின் மேல் முனைகள் இரண்டும் அந்த வட்டத்துக்குள் அடங்குகின்றனவா என்பதைத் தவறாமல் பாருங்கள். வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருள் போதும், மூலக்கோப்பை, எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத எஸ்.வி.ஜி. வடிவிலேயே வைத்திருங்கள்.

ஊர்க்கணக்கர்

நான் வரைகலை படித்தவன் அல்லன். எல்லைக்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டாரத்தில் ஒரு சங்கத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுவது சரி. ஆனால் அதைச் சிறிய விஷயமாக நினைத்துவிடக் கூடாது.

பச்சை, சிவப்பு, காவி மூன்றும் உங்கள் மாநிலத்தில் கொடிகளின் நிறங்கள். பால் சங்கம் என்பது தேர்தல் நடத்தி நிர்வாகக் குழு அமைக்கும் இடம். சென்ற முறை தோற்ற அணியினரின் கையில் வென்ற அணியின் நிறத்தில் சீட்டும் செயலியும் கிடைத்தால், கணக்கையே சந்தேகிப்பார்கள். எங்கள் சங்கத்தில் ஒருமுறை அளவை மேசைக்கு வண்ணம் அடித்ததற்கே இரண்டு கூட்டங்கள் நடந்தன. வெளியூர்க்காரருக்கு இது விளங்காமல் போகலாம், பால் ஊற்றுகிறவருக்கு விளங்கும்.

நீலத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. பால் விஷயத்தில் நிறங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கின்றன. ஆவின் பொட்டலத்தில் நீலம் என்றால் சமன்படுத்திய பால், பச்சை என்றால் நிலைப்படுத்திய பால், ஆரஞ்சு என்றால் கொழுப்பு நிறைந்த பால் என்பது கடைக்குப் போகும் குழந்தைக்கும் தெரியும். கொழுப்பை வைத்து விலை போடும் மென்பொருளுக்கு, கொழுப்புக் குறைந்த பாலின் நிறத்தை வைப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. கடும் அவுரி நிறம் (கருநீலம்) என்றால் அந்த நினைவு வராது. பொட்டலத்து வெளிர்நீலத்தைத் தவிருங்கள். இன்னொன்று: செயலிக்குள் பாக்கித் தொகையைச் சிவப்பிலும் பட்டுவாடா முடிந்ததைப் பச்சையிலும் காட்டுவீர்கள் அல்லவா? அந்த இரண்டு நிறங்களையும் அந்த வேலைக்கே விட்டுவைத்தால்தான் அவற்றுக்குப் பொருள் இருக்கும்.

மூலத்தறை வாய்க்கால்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கொடி நிறங்களைப் பற்றி நாங்களும் உள்ளுக்குள் தயங்கினோம்; வெளிப்படையாகப் பேசத்தான் இல்லை. பொட்டலத்தின் நிறம் எங்கள் நினைவுக்கே வரவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பகர வரைவை எங்களுக்கு இலவசமாக வரைந்து கொடுத்தவர் ஒரு கல்லூரி மாணவி. பெயரை அவர் எழுதிய எழுத்துரு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்து, நிரலை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நாங்களே உரிமம் கொடுத்திருக்கும்போது, சின்னத்துக்கு மட்டும் கட்டுப்பாடு வைப்பது கட்டற்ற மென்பொருளின் நெறிக்கு முரணாகாதா? எங்கள் குழுவில் ஒருவர் இதை மிக உறுதியாக எதிர்க்கிறார்.

கரும்பனை நிழல்

முரணாகாது என்பதே என் கருத்து. அதற்கான காரணம் உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. நாளை ஒரு சங்கம் உங்கள் நிரலை எடுத்து, கொழுப்புக்கான விலைச் சூத்திரத்தை லிட்டருக்கு ஐம்பது காசு குறையும்படி மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமம் அந்த மாற்றத்தை அனுமதிக்கிறது, அனுமதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சீட்டின் தலையிலும் உங்கள் பகரமே இருந்தால், பால் ஊற்றும் பெண்மணி அதைப் பக்கத்து ஊர்ச் சீட்டைப் போலவே நம்புவார். நிரலின் சுதந்திரம் நிரலை மாற்றுகிறவருக்கு உரியது. சின்னம் தருகிற உறுதி, சீட்டை வாங்குகிறவருக்கு உரியது. குனூ பொது உரிமத்தின் 3ஆம் பதிப்பு, 7ஆம் பிரிவில், வணிகக் குறிகளுக்கு உரிமை வழங்க மறுக்கும் கூடுதல் நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. இன்னொரு கட்டற்ற உரிமமான அப்பாச்சி உரிமத்தின் 2.0 பதிப்போ குறிகளுக்கு உரிமை தரவில்லை என்பதைத் தானே சொல்லிவிடுகிறது.

அதே சமயம், கட்டுப்பாடு மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஃபயர்பாக்ஸ் உலாவிச் சின்னத்தின் உரிமம், டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் நெறிகளுக்குள் அடங்கவில்லை. சின்னம் இல்லாமல் பெயரை மட்டும் பயன்படுத்த, அந்த உலாவியை உருவாக்கும் மொசில்லா ஒப்பவில்லை. அதனால் 2006 முதல் 2016 வரை டெபியனில் அந்த உலாவி ஐஸ்வீசல் என்ற வேறு பெயரில் வந்துகொண்டிருந்தது. டெபியன் தனக்கு இரண்டு சின்னங்களை வைத்துக்கொண்ட வழி எனக்குப் பிடிக்கும்: எவரும் பயன்படுத்தக்கூடிய சுழி ஒன்று, குப்பியோடு கூடிய கட்டுப்பாடுள்ள சின்னம் இன்னொன்று. நீங்களும் அப்படிச் செய்யலாம். 'பால்கணக்கு நிரலைக் கொண்டு உருவாக்கப்பட்டது' என்று எவரும் போட்டுக்கொள்ள ஒரு வடிவம். மாற்றப்படாத வெளியீட்டுக்கு மட்டும் பகரச் சின்னம். இதை ஒரு பக்கத்துக்கு மிகாமல், தமிழிலும் மலையாளத்திலும், சங்கச் செயலாளர் படித்தால் புரியும்படி எழுதி நிரல் களஞ்சியத்தில் வையுங்கள்.

பதிவு செய்ய வேண்டுமா என்றால், 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் கீழ் மென்பொருளுக்கு 9ஆம் வகுப்பு. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவானால் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் 'பால்கணக்கு' என்ற சொல், செய்யும் வேலையையே சொல்கிறது; அப்படிப்பட்ட விவரிப்புச் சொல்லைத் தனிக் குறியாகப் பதிவது கடினம். ஆகவே வரைந்த சின்னத்தோடு சேர்த்து விண்ணப்பிப்பதே பொருத்தம். நிறத்தைக் கடைசியாக முடிவு செய்யச் சொன்ன கோட்டோவியனின் அறிவுரை இங்கேயும் உதவும். கறுப்பு வெள்ளையில் தனித்து நிற்கும் வடிவமே பதிவுக்கும் வலுவானது. பதிவாகும் முன் வட்டத்துக்குள் ஆர் போடும் குறியைச் சேர்த்துவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

அந்த மாணவியிடம் இப்போதே எழுத்து மூலமாக ஒப்புதல் பெறுங்கள். நட்பின் பேரில் வரைந்ததுதானே என்று விட்டுவிடுவது அவருக்கும் நியாயமில்லை. பதிப்புரிமை அவருடையது, அவர் பெயரைப் பங்களிப்பாளர் பட்டியலில் நிரலாளர்களுக்கு நிகராகப் போடுங்கள். எழுத்துருவைப் பொறுத்தவரை, மூலம் தெரியாததை விட்டுவிட்டு, எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளக் கணினிக்காக உழைக்கும் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர், மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவையும் அந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய மஞ்சரி மலையாளத்துக்கு இருக்கிறது. உங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான இணை எனக்குத் தெரியவில்லை.

எழுத்துக் கோவையைத் திரையில் ஒருமுறை கூர்ந்து சரிபாருங்கள். 2003இல் வந்த விக்கிப்பீடியா சின்னத்தின் உருண்டையில் தேவநாகரி எழுத்தும் ஜப்பானிய எழுத்தும் பிழையாக இருந்து, 2010இல்தான் திருத்தப்பட்டன. நம் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத பழைய வரைகலை மென்பொருளில் தட்டினால், 'கு' என்பது ககரமாகவும் தனியே நிற்கும் உகரக் குறியாகவும் பிரிந்துவிடும். மலையாளத்தில் 'ல்' ஒரு சில்லெழுத்து, அதாவது உயிர் சேராத மெய்க்கான தனி வடிவம். 2008இல் வந்த யூனிகோடு 5.1 பதிப்பில்தான் அதற்குத் தனிக் குறியீடு கிடைத்தது என்பதால், பழைய முறையிலும் புதிய முறையிலும் தட்டிய உரைகள் கலந்து கிடக்கின்றன. சரிபார்த்த பின் எழுத்துகளை வெளிக்கோடுகளாக மாற்றிச் சேமியுங்கள்.

கோட்டோவியன்

நிறத்துக்கு வரும்போது ஓர் அளவுகோலை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணைய அணுகல் நெறிகளின்படி, சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும். வெள்ளையின் மேல் கலப்பற்ற சிவப்பு ஏறத்தாழ 4:1 மட்டுமே தரும். கலப்பற்ற மஞ்சள் 1.1:1ஐக்கூட எட்டாது. ஊர்க்கணக்கர் சொன்ன அவுரி இதில் எளிதாகத் தேறும். காலை வெயிலில், கீறல் விழுந்த திரையில் படிப்பவர்களுக்கு இந்த எண் மிக முக்கியம். மேலும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். பாக்கியையும் பட்டுவாடாவையும் நிறத்தோடு சொல்லாலும் எழுதிக் காட்டுங்கள்.

மூலத்தறை வாய்க்கால்

நேற்று மாலை மூன்று வரைவுகளையும் கறுப்பில் மட்டும், 96 புள்ளி அகலத்தில், சங்கத்தின் அச்சுப்பொறியிலேயே அடித்து, பால் ஊற்ற வந்தவர்களிடம் எதுவும் விளக்காமல் காட்டினோம். பனையைச் சிலர் துடைப்பம் என்றார்கள். மாட்டைப் பார்த்தவர்கள் எந்தத் தீவனக் கம்பெனி என்று கேட்டார்கள். பகரத்தை ஒரு மூதாட்டி 'போசி' என்றார். அவருடைய பேத்தி, மலையாளப் பள்ளியில் படிப்பவள், 'பா' என்று தொடங்கி, கால் எங்கே போயிற்று என்று தேடினாள். பகரத்தையே, உள்ளே கோடு எதுவும் இல்லாமல், எடுத்துக்கொள்கிறோம்.

மாணவியின் ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. சின்னத்துக்கான விதிகளை எதிர்த்த நண்பர், ஐம்பது காசு எடுத்துக்காட்டைப் படித்த பிறகு, மலையாள வரைவைத் தானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவுரி நிறத்தை இரண்டு அடர்வுகளில் செயலியில் ஏற்றி, அடுத்த வாரம் காலைப் பால் நேரத்தில் வெளி முற்றத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.