புதுப்பிப்பு: அப்பாவின் ஓஎன்ஜிசி பங்குகள், பாதியை விற்றோம்

2022-ல கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியும் ஓஎன்ஜிசி (எண்ணெய் எடுக்கிற அரசு நிறுவனம்) பங்கு ஏன் பெருசா ஏறலை, அப்பா பேர்ல இருக்க 1,000 பங்கை என்ன செய்யலாம்னு பாளையங்கோட்டையில இருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"டாலர் விலையைப் பார்க்காதீங்க, வரியைப் பாருங்க"ன்னு தென்காசி அண்ணாச்சி சொன்னதுதான் சரி. 2022 ஜூலை 1-ல உள்நாட்டு கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரி போட்டாங்க. அதாவது பீப்பாய்க்கு சுமார் 40 டாலர் வரியிலேயே போயிடும். அன்னைக்கே பங்கு 10 சதவீதத்துக்கு மேல விழுந்தது. அதுக்கப்புறம் பதினைஞ்சு நாளைக்கு ஒருதரம் வரியை மாத்திக்கிட்டே இருந்து, 2024 டிசம்பர்லதான் முழுசா எடுத்தாங்க.

வரி போயிட்டதால எல்லாத்தையும் வச்சுக்கலாம்னுதான் நினைச்சேன். ஆண்டறிக்கையில உற்பத்திப் பக்கத்தை அப்பா பென்சிலால கோடு போட்டுக் காட்டினாங்க. ஓஎன்ஜிசியோட பெரிய கடல் எண்ணெய் வயலான மும்பை ஹை 1974-ல கண்டுபிடிச்சது; பழைய கிணத்துல ஊத்து குறையத்தானே செய்யும்? அதனால 500 வித்து, மீதியை டிவிடெண்டுக்காக (நிறுவனம் லாபத்துல தர்ற பங்கு) வச்சிருக்கோம்.

எதிர்பாராதது ஒண்ணு: டிவிடெண்ட்ல 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கிற வருமான வரி, பிடிச்சுட்டாங்க. அதைத் தவிர்க்க, வரி கட்டவேண்டியில்லாத 60 வயசு தாண்டினவங்க அப்ப 15எச் படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டும் பங்குப் பதிவாளருக்கு (நிறுவனத்துக்காக பங்குதாரர் கணக்கைப் பாக்கிறவங்க) அனுப்பணும்னு இருந்தது. நாங்க விட்டுட்டோம். இப்ப ரிட்டர்ன் போட்டு அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கோம்.