வெயிலில் கோழி சாவது இனத்தாலா, வளர்ப்பாலா?

கருஞ்சேவல்:
நேற்று மதியம் என் ஆறு பிரம்மா கோழிகளில் நான்கு செத்துவிட்டன. அதே கொட்டகையில், அதே தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த ஐந்து மொட்டைக் கழுத்துக் கோழிகளும் சண்டைக்கோழி இனமான அசில் பெட்டைகள் இரண்டும் வாயைப் பிளந்து இரைத்தபடி நின்றன. பொழுது சாய்ந்ததும் மேயக் கிளம்பிவிட்டன. நிழலில் தொங்கிய வெப்பமானி 41 டிகிரி காட்டியது. எனக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. அடர்ந்த இறகு மூடிய கனத்த கோழியை வெயில் ஊரில் வளர்ப்பது அந்த உயிருக்குச் செய்யும் துரோகம். பிரம்மா, கொச்சின், ஆர்பிங்டன் மூன்றையும் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதை இந்தக் குழுவில் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நிழல்பந்தல்:
நண்பரே, இழப்பின் வலி புரிகிறது. ஆனால் நீங்கள் எடுத்த முடிவை ஏற்க மாட்டேன். ஒன்பது ஆண்டுகளாக பிரம்மா வளர்க்கிறேன். 42 டிகிரி வெயிலையும் அவை பார்த்திருக்கின்றன. வெயிலுக்கு ஒன்றைக்கூட இழந்ததில்லை. இனத்தின் மேல் பழி போடும் முன் இவற்றைச் சொல்லுங்கள்: தீவனம் எத்தனை மணிக்கு வைத்தீர்கள்? தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? கூரை எதனால் வேய்ந்தது? காற்று எந்தப் பக்கமாக நுழைந்து எந்தப் பக்கமாக வெளியேறுகிறது?

கருஞ்சேவல்:
தீவனம் காலை 11 மணிக்கு. தகரக் கூரை. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வலை. தொட்டியின் மேல் நண்பகல் வரை வெயில் படும். எதையும் மறைக்கவில்லை. ஆனால் இவை எல்லாம் பதின்மூன்று கோழிகளுக்கும் பொதுதானே? கொட்டகை கொன்றதென்றால் ஏன் பிரம்மாவை மட்டும் கொன்றது?

நிழல்பந்தல்:
பொது என்பது உண்மை. பாதிப்பு பொதுவானதல்ல. தின்ற தீவனம் செரிக்கும்போது உடலுக்குள் சூடு பிறக்கிறது. 11 மணிக்குத் தின்றதன் சூடு, வெளியே வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் சேர்கிறது. பெரிய கோழி அதிகம் தின்னும். அதற்குள் எரியும் அடுப்பும் பெரியது. தகரம் மேலிருந்து காய்ச்சுகிறது, சுவர் காற்றை மறிக்கிறது, தொட்டித் தண்ணீரோ வெந்நீர். என் கோழிகள் விடியலுக்கு முன் தின்னும், பிறகு பொழுது இறங்கியதும் தின்னும். இடையில் தீவனமே கிடையாது. மரநிழலில், நான்கு பக்கமும் திறந்த கீற்றுக் கொட்டகை. இனம் அதே இனம்தான்.

முட்டைக்கூடை:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41, 42 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும் வரை கொண்டை, தாடி, இறகில்லாத தோல், கால் வழியாகச் சூடு வெளியேறும். காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை எட்டியதும் அந்த வழி அடைபட்டுவிடும். மிஞ்சுவது மூச்சு மட்டும். அதனால்தான் வாயைப் பிளந்து இரைக்கின்றன.

இப்போது உடலமைப்பைப் பாருங்கள். முட்டைக்காக வளர்க்கும் லெகார்ன் இனப் பெட்டை 2 கிலோ அளவில் இருக்கும். கொண்டை பெரிதாகி ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும். பிரம்மா பெட்டை 4 கிலோவை ஒட்டி இருக்கும். கொண்டையோ மிகச் சிறியது, கால் முழுக்க இறகு. எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அதற்கு இல்லை. மொட்டைக் கழுத்து மரபணு தாய் அல்லது தந்தை ஒரு வழியில் வந்தாலே இறகு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். தாய், தந்தை இரு வழியிலும் வந்தால் 40 விழுக்காடு வரை குறையும். அந்தக் கோழி இரவிலேயே நன்றாகச் சூடு தணிந்து, மறுநாளை மிச்ச வெப்பம் இல்லாமல் தொடங்கும் என்பது என் கணிப்பு. ஆகவே இனத்துக்குப் பங்கில்லை என்று நிழல்பந்தல் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆழ்கூளம்:
அக்கா சொல்வது சரி. ஆனால் லெகார்ன் வைத்திருந்தால் பயமில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் லெகார்ன்கள் செத்தது 34 டிகிரியில். மழைக்கு முந்தைய மாலை, இலை அசையாத புழுக்கம். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் மூச்சிலிருந்து நீர் எளிதில் ஆவியாகாது. எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. நான் பதறிப்போய் நீர்ப்புகை தெளிப்பானை ஓட விட்டேன். மின்விசிறி இல்லாத கொட்டகையில் அது ஈரத்தை இன்னும் கூட்டியது. அந்தத் தவறு இன்றும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. செத்தவை எல்லாம் முட்டையிடும் உச்சத்தில் இருந்தவை.

கறிக்கோழியையும் பாருங்கள். வெள்ளை இறகு, அதுவும் அடர்த்தி குறைவு. ஆனால் வெயில் அடித்தால் முதலில் சாய்வது அதுதான், அதிலும் விற்கும் எடைக்கு வந்த பிறகு. வேகமாக வளரும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட உடல் அவ்வளவு சூட்டை உண்டாக்குகிறது. அதனால்தான் பெரிய பண்ணைகளில் சுரங்கம்போல் நீண்ட கொட்டகையில் நொடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில் காற்றை இழுக்கிறார்கள். இறகை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பாதிக் கதை விட்டுப்போகும். உடலுக்குள் எவ்வளவு சூடு பிறக்கிறது என்பதையும் எண்ண வேண்டும்.

கருஞ்சேவல்:
அதுவும் இனத்தின் குணம்தானே? எடை, வளர்ச்சி, இறகு, கொண்டை எல்லாம் பிறப்பில் வருபவை. நீங்கள் எல்லோரும் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறீர்கள். மரநிழலும் கீற்றுக் கொட்டகையும் ஒன்பது ஆண்டு அனுபவமும் இருந்தால் பிரம்மா பிழைக்கும் என்றால், அவை இல்லாத புதியவரின் கையில் அதைக் கொடுப்பது எப்படி நியாயமாகும்?

நிழல்பந்தல்:
நியாயமான கேள்வி. பதில் சொல்லும் முன் ஒன்று கேட்கிறேன். இந்த பிரம்மாக்கள் உங்களிடம் எப்போது வந்தன?

கருஞ்சேவல்:
மூன்று வாரம் ஆகிறது. குளிர்ந்த மலைப்பகுதியில் வளர்ந்தவை. வளர்ந்த கோழிகளாகவே வாங்கினேன். மொட்டைக் கழுத்தும் அசிலும் இங்கேயே பொரித்தவை.

நிழல்பந்தல்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டோம். மலைக்குளிரில் வளர்ந்த கோழியை நேரே கோடைக்குள் இறக்கியிருக்கிறீர்கள். வெயில் படிப்படியாக ஏறினால் உடல் சில நாட்களில் ஓரளவு பழகிக்கொள்ளும். குஞ்சுப் பருவத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள் கூடுதல் வெப்பத்தில் வைக்கப்பட்ட கறிக்கோழி, வளர்ந்த பின் வெயிலைக் கூடுதலாகத் தாங்குகிறது என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. என் பிரம்மாக்கள் இங்கே பொரித்தவை; ஒவ்வொரு கோடையையும் தொடக்கத்திலிருந்தே அனுபவித்தவை. நீங்கள் ஒப்பிட்டது இரண்டு இனங்களை அல்ல, உள்ளூர்க்காரரையும் நேற்று வந்தவரையும்.

கருஞ்சேவல்:
இது எனக்கு உறைக்கிறது. ஒப்பீடு சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த நான்கையும் நான்தான் அந்த நிலையில் நிறுத்தினேன் என்று எழுதும்போதே கை தயங்குகிறது. ஆனால் பிழைத்த இரண்டும் அதே மலையிலிருந்து வந்தவைதானே?

முட்டைக்கூடை:
அவை இரண்டும் அந்த நேரத்தில் எங்கே இருந்தன?

கருஞ்சேவல்:
குழாயடியில். சொட்டுத் தண்ணீர் விழுந்து மண் ஈரமாக இருக்கும். அதில் குழி பறித்து வயிற்றை அழுத்திப் படுத்திருந்தன. நான் அதைச் சோம்பல் என்று நினைத்தேன்.

முட்டைக்கூடை:
சோம்பல் இல்லை தம்பி, அந்தக் குழிதான் அவற்றைக் காப்பாற்றியது. இன்றே நிழலில் இன்னும் இரண்டு இடங்களில் மண்ணைக் கொத்தி ஈரமாக்கி வையுங்கள். தொட்டியை நிழலுக்கு மாற்றி, மதியம் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். தள்ளாடும் கோழியைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சி தாங்காது. காலையும் வயிற்றின் அடியையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்து, காற்றுப் படும் இடத்தில் விடுங்கள். பிரம்மாவுக்குக் கால் இறகை விலக்கித் தோல் நனையும்படி ஊற்ற வேண்டும். இன்னும் சில நாட்களுக்கு ஓடு கெட்டிப்படாத தோல் முட்டை வந்தால், சுண்ணாம்புச் சத்துக்கு வைக்கும் கிளிஞ்சல் போதவில்லை என்று பதற வேண்டாம். விடாமல் இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, இரத்தத்தின் தன்மை மாறி, ஓடு கட்டுவது கெடுகிறது. சூடு தணிந்தால் ஓடும் தேறிவரும்.

இறகின் நிறத்தைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை, எப்படியும் கேட்பார்கள். நேர் வெயிலில் கறுப்பு கூடுதலாகச் சூடேறும். நிழலில் நிறத்தால் பெரிய வேறுபாடு இல்லை.

ஆழ்கூளம்:
குழாயடிக் குழியைப் படித்ததும் எழுந்து போய் என் கொட்டகைக்குப் பின்னால் மண்ணைக் கொத்திவிட்டு வந்தேன்.

கருஞ்சேவல்:
முதல் பதிவில் கேட்டதை மாற்றிக்கொள்கிறேன். குளிர்ப் பகுதியில் வளர்ந்த கனத்த கோழியைக் கோடையில் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் குஞ்சாக, வெயில் தொடங்கப் பல மாதம் முன்பே வாங்குங்கள். இந்த அளவுக்கு நிழல்பந்தல் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் இனி பிரம்மா பெருக்க மாட்டேன். பிழைத்த இரண்டையும் மொட்டைக் கழுத்துச் சேவலோடு சேர்க்கப் போகிறேன்.

நிழல்பந்தல்:
அதில் மட்டும் நான் உடன்பட மாட்டேன். தலைமுறை தலைமுறையாகக் காத்த இனத்தை ஒரு கோடைக்காகக் கலப்பதில் எனக்கு மனமில்லை. கோழி உங்களுடையது, முடிவும் உங்களுடையது. தகரத்தின் மேல் இன்றே தென்னங்கீற்றைப் பரப்புங்கள், மேற்குச் சுவரில் பாதியை இடித்து வலை கட்டுங்கள். இதைச் செய்வதாகச் சொன்னால் கலப்பைப் பற்றி இனி வாயே திறக்க மாட்டேன்.

கருஞ்சேவல்:
இன்று 40 டிகிரி. விடியலுக்கு முன் தீவனம் வைத்தேன்; 11 மணிக்கு வைக்கவில்லை. கீற்றுப் பரப்பியாயிற்று, சுவரை நாளை காலை இடிக்கிறேன். இரண்டு பிரம்மாவும் குழியில் படுத்திருக்கின்றன. மொட்டைக் கழுத்துக் கோழி ஒன்றும் அவற்றின் பக்கத்தில் புதிதாகக் குழி பறித்துக்கொண்டிருக்கிறது.