கல்லூரிக்குப் பிறகு கூட்டாளிகள்: நம்ம கடற்கரையில் கண்டது

மண்டபம்:
பட்டம் வாங்கின முதல் மூணு நாலு வருசத்தில்தான் நெருங்கின கூட்டாளிகள் கலைகிறார்கள். ஒருத்தன் துபாய், ஒருத்தன் மீன்பிடி போட்டு (படகு), ஒருத்தி புகுந்த வீடு, இன்னொருத்தன் குரூப் 4 புத்தகத்தோடு அறைக்குள். நம்ம இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இதே நிலவரம்தான். எதனால் பேச்சு அறுகிறது, எது செய்தால் அறாமல் இருக்கிறது? நேரில் பார்த்ததை எழுதுங்கள், பேருக்குப் பதில் ஊரைப் போட்டால் போதும். சொந்தக் கதை வேண்டாம், அடுத்தவருக்கு உதவுகிற மாதிரி இருக்கட்டும்.

கீழக்கரை:
சபர் (வெளிநாட்டுக்கு வேலைக்கு) போனவர்களைப் பற்றிச் சொல்கிறேன். "போனே எடுக்க மாட்டேங்கிறான்" என்கிற வருத்தத்தில் பாதி, நேரக் கணக்கு தெரியாததால் வருவது. அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். துபாயில் வேலை முடிந்து, கேம்ப் பஸ்ஸில் வந்து, ஆக்கிச் சாப்பிட்டு அவன் கட்டிலில் சாயும்போது அங்கே மணி பத்து, இங்கே பதினொன்றரை. அதோடு அமீரகத்தில் சாதாரணமாக வாட்ஸ்அப் அழைப்பு போகாது. மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும். இது தெரியாமல் நாலு தடவை அடித்துவிட்டு முறுக்கிக்கொள்கிறார்கள். வாய்ஸ் நோட் போடுங்கள். ஊர்ச் சேதி இருந்தால் போதும், அவன் திரும்பத் திரும்பக் கேட்பான்.

லீவில் வந்தால் முதல் வாரம் சொந்தக்காரர்களுக்கு, கடைசி வாரம் பெட்டி கட்ட. நடுவில் பெண் பார்ப்பார்கள். ஆகவே டிக்கெட் போட்ட அன்றே ஒரு நாளைப் பேசி வைத்துவிட வேண்டும். வந்த பிறகு பார்த்துக்கலாம் என்றால் நடக்காது.

பாம்பன்:
கடலுக்குப் போகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை லீவு இல்லை. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகிற நாள் திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை கிளம்பின போட்டு ஞாயிறு காலைதான் கரை பிடிக்கும். வந்ததும் இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி, சங்காயம் (கழிவு மீன்) தனி என்று பிரிக்கணும். எடை போட்டு, வியாபாரியிடம் கணக்கு முடித்து, வலையை ஒதுக்கி, டீசலும் செலவும் கழித்து அவனவன் பங்கு கைக்கு வரும்போது ராத்தூக்கம் கெட்டுக் கண் எரிந்துகொண்டிருக்கும். சென்னையில் ஐடியில் இருக்கிற கூட்டாளி அந்த நேரம் பார்த்துதான் சாவகாசமாகக் கூப்பிடுகிறான். "ம்", "சரி" என்று பதில் வந்தால் மாறிப்போய்விட்டான் என்று எடுத்துக்கொள்கிறான். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிட்டுப் பாருங்கள், பழைய ஆளே பேசுவான்.

இன்னொன்று, தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. அவன் கரையில் இருக்கிறான், வெளியூர்க்காரர்களும் லீவில் வருகிறார்கள், எல்லாம் கூடி வருகிறதே என்று கொடைக்கானலுக்குத் திட்டம் போடுவார்கள். ஆனால் அவன் கையில் காசில்லாத மாசமும் அதுதான். தலைக்கு மூவாயிரம் என்று குரூப்பில் போட்டதும் அவன் பேச்சு நின்றுவிடும். "உனக்கு நாங்க போட்டுக்கிறோம்" என்று எல்லார் முன்னாலும் சொல்வது அதைவிட மோசம், அதோடு குரூப்பை விட்டே போனவர்கள் உண்டு. பக்கத்தில் அரியமான் கடற்கரைக்குப் போங்கள், சோறும் குழம்பும் யார் வீட்டிலாவது ஆகட்டும். செலவு வைக்கிற பயணத்தை ஜூலைக்குத் தள்ளுங்கள்.

இராமநாதபுரம்:
பாம்பன் அண்ணன் சொன்னது பரீட்சை எழுதுகிறவனுக்கும் பொருந்தும், அவனுக்கும் கையில் காசு இல்லை. கூட அவனை அரிப்பது, சேர்ந்து படித்தவன் தேறிவிட்டான் என்பது. தேறியவர்கள் செய்கிற தப்பு அறிவுரை சொல்வது. அதை விடுங்கள், காகித வேலையில் கை கொடுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சான்றைப் படித்த பள்ளிகளில் வாங்க வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறியவனுக்கு ஒவ்வொரு தலைமையாசிரியரையும் பார்க்க நாளாகும். ரிசல்ட் வந்தபின் ஓடினால் சான்றிதழ் பதிவேற்றும் தேதிக்குள் கைக்கு வராமல் போகலாம். பைக்கில் கூடப் போய் வாங்கிக் கொடுங்கள். ரிசல்ட் அன்றைக்கு நீங்களாகக் கூப்பிட வேண்டாம். நாலைந்து நாள் கழித்து, ரிசல்ட் பேச்சை எடுக்காமல், நேரில் போங்கள்.

தொண்டி:
பெண்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கல்யாணமானவள் பேசவில்லை என்றால் பல வீடுகளில் காரணம், போன் பேச அவளுக்குத் தனியிடம் இல்லாததுதான். மதியம் சமையல் முடிந்து இரண்டிலிருந்து நாலு வரை கூப்பிடுங்கள். மாமியார் எடுத்தால் அவரிடமும் நலம் விசாரித்துப் பேசுங்கள், அடுத்த தடவை அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். ஆடியில் புதுப்பெண் தாய்வீடு வருவாள். பிறகு வளைகாப்பு முடிந்து வந்தால் பிள்ளை பிறந்து மூன்று மாதம் வரை பெரும்பாலும் இருப்பாள். அப்போது கூட்டமாகப் போகாதீர்கள். ஒருத்தியாகப் போய்ப் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டால், அவள் சூடாக ஒரு வாய் சாப்பிடுவாள், பேச்சு தானாக வரும்.

கீழக்கரை:
விட்டுப்போனது பணம். வெளிநாடு போக ஏஜென்டுக்குக் கட்டக் கூட்டாளி கடன் கேட்டால் முதலில் அவனோடு உட்கார்ந்து இ-மைகிரேட் என்கிற மத்திய அரசின் இணையதளத்தில் அந்த ஏஜென்டின் உரிமத்தைப் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேட்கிறார், விசிட் விசாவில் போய் மாற்றிக்கலாம் என்கிறார் என்றால் கொடுக்காதீர்கள், அவனையும் கட்ட விடாதீர்கள். சரியான இடம் என்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்குகிற தொகையைக் கொடுங்கள், தேதியை வாட்ஸ்அப்பில் எழுதி வையுங்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும் வீட்டில் கேட்காமல் போட வேண்டாம். அவன் கட்டாவிட்டால் வங்கி முழுத் தொகையையும் உங்களிடம் கேட்கலாம்.