லைவ் போட்டா படம் திக்குது, கிராபிக்ஸ் கார்டு மாத்தித்தான் ஆகணுமா? (சேலம்)

அம்மாபேட்டை தறிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். வீடு சேலம் அம்மாபேட்டை. மூணு மாசமா ராத்திரி 9 மணிக்கு மேல யூட்யூப்ல ஜிடிஏ 5 ரோல்பிளே லைவ் போடுறேன். நாப்பது ஐம்பது பேர் பார்ப்பாங்க. தினமும் வர்றவங்கதான், அதனால அவங்களை ஏமாத்துற மாதிரி ஆயிடக் கூடாதுன்னு ரொம்பக் கவலையா இருக்கு.

பிரச்சனை இதுதான். என் திரையில கேம் நல்லா ஓடுது. ஆனா பார்க்கிறவங்க "படம் வெட்டி வெட்டி வருது", "நின்னுடுச்சு, வட்டம் சுத்துது"ன்னு சொல்றாங்க. சில நாள் ஓபிஎஸ்ல (லைவ் அனுப்புற சாஃப்ட்வேர்) கீழே இருக்கிற பச்சைக் கட்டம் சிவப்பாகி, "ரீகனெக்டிங்"னு வேற வருது. வேற சில நாள் ரெண்டு மணி நேரமும் வட்டமே சுத்தாது.

சிஸ்டம்: பிராசஸர் ஐ5-9400எஃப், கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650, 16 ஜிபி ரேம். ஓபிஎஸ்ல 1080பி, 60 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 60 ஃபிரேம்), படத்தைச் சுருக்க கார்டுக்குள்ளேயே இருக்கிற என்விஎன்க், பிட்ரேட் 8000 (அதாவது 8 எம்பிபிஎஸ்). ஃபைபர் நெட், 50 எம்பிபிஎஸ் பிளான். ஸ்பீடு டெஸ்ட்ல அப்லோடு 47 காட்டுது. ரூட்டர் கீழே, என் ரூம் மாடியில. வைஃபை இல்லை, லேன் கேபிள்தான். நெட் கம்பெனி ஆள் வந்து பார்த்துட்டு, சிக்னல் மைனஸ் 19 இருக்கு, லைன்ல குறை ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டுப் போனார்.

கடையில கேட்டா, இந்த கார்டுல கேமும் லைவும் சேர்த்து ஓட்ட முடியாது, 25,000 ரூபாய்க்கு வேற போடுங்கங்கிறாங்க. 18,000 சேர்த்து வச்சிருக்கேன். மீதியை அப்பாகிட்ட கேட்கணும். கேட்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

கன்னங்குறிச்சி:

தம்பி, அந்த 18,000ஐ எடுக்காதீங்க. ஒரு வாரம் பொறுங்க.

"லேக்"னு நாம ஒரே சொல்லா சொல்றோம். அதுக்குள்ள மூணு வியாதி இருக்கு, மூணுக்கும் மருந்து வேற வேற. ஓபிஎஸ்ல வியூ மெனுவுக்குள்ள ஸ்டாட்ஸ்னு ஒண்ணு இருக்கும். அதைத் திறந்து வச்சுக்கிட்டே ஒரு லைவ் போடுங்க. "ரெண்டரிங் லேக்" ஏறுதுன்னா, கேமே கிராபிக்ஸ் கார்டு மொத்தத்தையும் சாப்பிட்டுடுது, ஓபிஎஸ் படத்தைக் கோர்க்க இடம் கிடைக்கலன்னு அர்த்தம். "என்கோடிங் லேக்" ஏறுதுன்னா, கோர்த்த படத்தைச் சுருக்குற வேலை நேரத்துக்கு முடியல. "டிராப்டு ஃபிரேம்ஸ்" ஏறுதுன்னா, சுருக்கினது வெளியே போக வழியில்ல. அது முழுக்க நெட் சம்பந்தப்பட்டது, கார்டு மாத்தினா ஒரு துளிகூட மாறாது.

ஸ்பீடு டெஸ்ட்டை நம்பி உட்காராதீங்க. அது அரை நிமிஷம்கூட ஓடாது. லைவ் ரெண்டு மணி நேரம் ஓடுது, நடுவுல 3 செகண்ட் அடைச்சாலே போதும், படம் நிக்கும்.

சூரமங்கலம்:

என்விஎன்க்கை விட்டுட்டு, பிராசஸரோட உள்கிராபிக்ஸ்ல படத்தைச் சுருக்குற இன்டெல் குவிக்சிங்க் போட்டுப் பாருங்க. கார்டுக்குப் பாரம் குறையும்.

கன்னங்குறிச்சி:

அவர்கிட்ட இருக்கிறது 9400எஃப்ங்க. கடைசியில இருக்கிற அந்த எஃப்தான் விஷயம். அதுல உள்கிராபிக்ஸ் கிடையாது, அதனால குவிக்சிங்க்கும் இல்லை. பிராசஸரே படத்தைச் சுருக்குற எக்ஸ்264 போட்டா 6 கோர்ல கேமும் அதுவும் அடிச்சுக்கும். என்விஎன்க்கே இருக்கட்டும்.

அம்மாபேட்டை தறிவீடு:

நேத்து ராத்திரி பார்த்தேன் அண்ணா. ரெண்டு மணி நேர லைவ். ரெண்டரிங் லேக் 8.8 சதவீதம். என்கோடிங் 0. டிராப்டு ஃபிரேம்ஸ் 5 சதவீதம். டாஸ்க் மேனேஜர்ல கார்டு 99லயே நிக்குது.

கன்னங்குறிச்சி:

அப்ப உங்களுக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு வியாதி. அதனாலதான் எதை மாத்தினாலும் பாதி சரியாகி பாதி சரியாகாம குழப்பியிருக்கு.

முதல்ல ரெண்டரிங். கேமை 60 எஃப்பிஎஸ்ல பூட்டுங்க. கேம்ல விசிங்க் (திரையோட வேகத்துக்கு மேல கேம் ஓடாம நிறுத்துறது) போடலாம், இல்லைன்னா என்விடியா கண்ட்ரோல் பேனல்ல மேக்ஸ் ஃபிரேம் ரேட் 60 வைக்கலாம். லைவ் 60தான் போகுது. கேம் 75, 80னு ஓடினா அந்த மிச்சத்தைப் பார்க்கிறவங்க யாரும் பார்க்கப் போறதில்லை. ஜிடிஏ செட்டிங்ஸ்ல எம்எஸ்ஏஏவை (ஓரங்களை மழுப்புற வேலை) அணைங்க, புல்லோட தரத்தை நார்மலுக்குக் கொண்டுவாங்க. ஊருக்கு வெளியே வண்டி ஓட்டும்போது கார்டை முழுங்குறது அந்தப் புல்தான். ஓபிஎஸ்ஸை ரைட் கிளிக் பண்ணி, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்னு திறங்க. அப்படித் திறந்தா விண்டோஸ் கார்டுல ஓபிஎஸ்ஸுக்கு முன்னுரிமை கொடுக்கும். கார்டு 85, 90க்குள்ள நின்னா நிம்மதி.

ஓபிஎஸ்ல கீஃபிரேம் இன்டர்வெல் (முழுப் படம் எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை போகணும்ங்கிறது) ஆட்டோல இருந்தா 2 செகண்ட் வச்சிடுங்க. யூட்யூப் கேட்கிறது அதுதான்.

குகை:

சேலம் வெயிலுக்கு பிராசஸர் சூடாகி வேகம் குறையுதான்னும் பாருங்க. என் கேபினட்ல தூசி தட்டினதுமே 12 டிகிரி இறங்குச்சு.

அம்மாபேட்டை தறிவீடு:

பார்த்தேன். 71 டிகிரிக்கு மேல போகல.

கன்னங்குறிச்சி அண்ணா, நீங்க சொன்னது எல்லாம் செஞ்சேன். ரெண்டரிங் லேக் 0.1க்கு வந்துடுச்சு! படம் வெட்டுறது நின்னுடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. ரொம்ப நன்றி. கார்டு வாங்குற நினைப்பையே விட்டுட்டேன்.

ஆனா வட்டம் சுத்துறது போகல. ஞாயித்துக்கிழமை டிராப்டு ஃபிரேம்ஸ் 0. திங்கள் 4 சதவீதம். செவ்வாய் 6, ரெண்டு தடவை ரீகனெக்டிங். ஒரு ஒழுங்கே தெரியல.

ஏற்காடு எஸ்டேட்:

தம்பி, நான் மலைமேல இருந்து லைவ் போடுறவள். கீழே இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதுக்கும் மேல 4 கிலோமீட்டர் காபித் தோட்டத்துக்குள்ள வீடு. ஃபைபர் எங்க பக்கம் வரலை, 4ஜி ரூட்டர்தான். சேலம் விளக்குகள் தெரியுற ஜன்னல்கிட்ட ரூட்டரை வச்சாத்தான் அப்லோடே வரும். உள்ரூமில் வச்சால் பாதிகூட இல்லை.

நாள்கணக்கு எழுதி வைங்க. எனக்குக் கண் திறந்தது அதில்தான். சனி ஞாயிறு மட்டும் கெட்டுப்போகும். மே மாசம் கோடை விழா வந்தால் எல்லா நாளும் கெடும். டூரிஸ்ட் கூட்டம் மொத்தமும் அதே டவரில் வீடியோ அனுப்புது, என் அப்லோடு 3க்கும் கீழே போயிடும். டவரை நான் என்ன செய்ய முடியும்? அதனால என் பக்கத்தைக் குறைச்சேன். 720பி, 30 எஃப்பிஎஸ், பிட்ரேட் 2500. அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில், நெருக்கடி வந்தால் பிட்ரேட்டைத் தானே குறைச்சுக்கிற டைனமிக் பிட்ரேட் இருக்கு, அதை டிக் பண்ணிட்டேன். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் நிற்காது. பேச்சு அறுபடாமல் இருந்தால் ஜனங்க மங்கலைப் பொறுத்துக்கிறாங்க.

உங்களுக்கு 47 அப்லோடு இருக்கும்போது 8000 ஒரு பாரமே இல்லை. அதுக்கும் ஃபிரேம் விழுதுன்னால் வேகம் பத்தாததால இல்லை, நடுவில் எங்கேயோ அறுபடுது. ஞாயித்துக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் உங்க வீட்டில் என்ன வித்தியாசம்?

கொண்டலாம்பட்டி கேமராக்காரர்:

சிசிடிவி மாட்டுறதுதான் என் தொழில், பதினோரு வருஷமா. கேம் பத்தி எனக்குத் தெரியாது, கேபிள் பத்தி தெரியும். அதனால கேட்கிறேன்: பேர்ல தறிவீடுன்னு போட்டிருக்கீங்களே, வீட்டுல விசைத்தறி ஓடுதா? ரூட்டர்ல இருந்து மாடிக்கு வர்ற கேபிள் தறிக்கூடம் வழியா வருதா?

ஒரு சோதனை சொல்றேன். கமாண்ட் பிராம்ப்ட் ரெண்டு திறங்க. ஒண்ணுல உங்க ரூட்டருக்கு விடாம பிங் (சின்னத் தகவல் அனுப்பி பதில் வருதான்னு பார்க்கிறது) ஓடட்டும், பெரும்பாலும் 192.168.1.1 இருக்கும். இன்னொண்ணுல வெளியே இருக்கிற கூகுள் சர்வர் 8.8.8.8க்கு. லைவ் போடும்போதே ரெண்டும் ஓடணும். சிவப்பு வர்ற நேரம் பாருங்க. 8.8.8.8 மட்டும் அறுந்தா வெளி லைன். ரூட்டருக்கே பிங் அறுந்தா வெளியே யாரையும் கேட்க வேண்டாம், குறை உங்க வீட்டுக்குள்ள, அந்தக் கேபிள்ல இருக்கு.

அப்படியே ஈதர்நெட் செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீடு என்னன்னு பார்த்து எழுதுங்க.

அம்மாபேட்டை தறிவீடு:

அண்ணா, கை நடுங்கிட்டே எழுதுறேன்.

ஆமா, கீழே நாலு தறி ஓடுது. ஞாயித்துக்கிழமை பாவு (தறியில நீளவாக்குல ஓடுற நூல்) தீர்ந்து போச்சு, பிணைக்க ஆள் வரல, நாள் பூரா தறி நின்னுது. திங்கள் ராத்திரி ரெண்டு தறி ஓடுச்சு. செவ்வாய் ஆர்டர் அவசரம்னு அப்பா நாலையும் 11 மணி வரைக்கும் ஓட்டினார். ஹெட்செட் மாட்டிக்கிட்டா எனக்குக் கேட்காது. மாட்டலன்னாலும், பிறந்ததுல இருந்து கேட்கிற சத்தம், ஓடுதா நிக்குதான்னு காது தனியாக் கவனிக்கிறதே இல்லை.

பிங் ஓட்டினேன். தறி நிக்கும்போது ரூட்டருக்கு 1 மில்லி செகண்டுக்குள்ள, ஒண்ணுகூடத் தப்பல. நாலு தறியும் ஓடும்போது பத்து நிமிஷத்துல 23 தடவை "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்". ரூட்டருக்கே! லிங்க் ஸ்பீடு 100னு காட்டுது.

கொண்டலாம்பட்டி கேமராக்காரர்:

ரெண்டு பக்கமும் கிகாபிட் போர்ட் இருந்தா 1000 காட்டணும். 100 காட்டுதுன்னா எட்டுக் கம்பியில எதோ ஒண்ணு சேரல. 1000க்கு எட்டும் வேணும், 100க்கு நாலே போதும். உங்க பிளான் 50ங்கிறதால 100லயே எல்லாம் நல்லாத் தெரிஞ்சிருக்கு, ஸ்பீடு டெஸ்ட்டும் பாஸ். யார் வந்து பார்த்தாலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது.

ஈவென்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸுக்குள்ள சிஸ்டம் பாருங்க. நெட்வொர்க் லிங்க் அறுந்ததா எச்சரிக்கை வரிசையா இருக்கும். இன்டெல் லேன்னா 27ங்கிற எண்ல வரும். அப்புறம் கேபிளைக் கையால தொட்டுக்கிட்டே கீழே வரைக்கும் நடந்து போங்க. நடுவுல எங்கேயாவது கப்ளர் (ரெண்டு கேபிளைச் சேர்க்கிற சின்ன டப்பா) போட்டு ஒட்டு போட்டிருக்கும்னு எனக்குத் தோணுது.

அம்மாபேட்டை தறிவீடு:

27 வரிசையா நிக்குது அண்ணா, செவ்வாய்க்கிழமை ராத்திரி மட்டும் முப்பதுக்கு மேல.

கப்ளர் இருக்கு. ரெண்டாவது தறிக்குப் பின்னாடி செவுத்துல. ரூமை மாடிக்கு மாத்தினப்ப கேபிள் பத்தலன்னு நானே வாங்கி மாட்டினது. அந்தச் செவுத்துல கை வச்சா, தறியில ஊடை நூல் கொண்டுபோற நாடா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அதிருது. ஜாக்குல கிளிப்பும் உடைஞ்சிருக்கு. உள்ள பஞ்சு அடைஞ்சிருக்கு. விரலால கொஞ்சம் அழுத்தினதும் மேல பிங் ஒழுங்கா ஓடுச்சுன்னு தங்கச்சி மாடியில இருந்து கத்தினா.

கொண்டலாம்பட்டி கேமராக்காரர்:

அதேதான். தறி வீடுகள்ல கேமரா மாட்டும்போது நான் நடுவுல ஒட்டே போட மாட்டேன். எத்தனை இறுக்கினாலும் அதிர்வு ஆறு மாசத்துல தளர்த்திடும், பஞ்சுத்தூசி மீதியைப் பார்த்துக்கும்.

கேட் 6 கேபிள் ஒரே நீளமா எடுங்க. தாமிரக் கம்பியான்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்துல மேல பூச்சு பூசினது மலிவாக் கிடைக்கும், அது வேண்டாம், வளைச்சு நிமித்தினா உள்ளேயே ஒடியும். தறிக்கூடத்துச் செவுத்தை விட்டுட்டு, படிக்கட்டுப் பக்கமா கேசிங்ல கொண்டுபோங்க. மோட்டாருக்குப் போற கரண்ட் ஒயரோட சேர்த்துக் கட்டவே கூடாது, ஒரு அடியாவது தள்ளி இருக்கணும். ரெண்டு முனையிலயும் ஒரு முழம் சுருட்டி விடுங்க, நாளைக்கு ஜாக் போனா வெட்டிட்டு, புது ஜாக்கை மறுபடி கிரிம்ப் பண்ணிக்கலாம் (அழுத்தி மாட்டிக்கலாம்). கிரிம்பிங் டூல் இல்லைன்னா கேபிள் வாங்குற கடையிலயே அடிச்சுக் கொடுப்பாங்க. அங்கேயே டெஸ்டர்ல எட்டு விளக்கும் வரிசையா எரியுதான்னு பார்த்துட்டு வாங்கிட்டு வாங்க.

ரூட்டரும் தறிக்கூடத்துலயா இருக்கு? இருந்தா அதையும் முன்ரூமுக்கு நகர்த்துங்க. ஆனா மஞ்சள் ஃபைபர் ஒயரை மட்டும் மடக்கிடாதீங்க, அது கண்ணாடி.

அம்மாபேட்டை தறிவீடு:

வெள்ளி, சனி, திங்கள். மூணு நாளும் தறி ஓடுற நேரத்துலயே வேணும்னே லைவ் போட்டேன். டிராப்டு ஃபிரேம்ஸ் 0, 0, 0. லிங்க் ஸ்பீடு 1000. ரூட்டருக்குப் பிங் ஒண்ணுகூட அறுபடல.

30 மீட்டர் கேபிளும் ஜாக்கும் கேசிங்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறுக்குள்ள முடிஞ்சது. அப்பாதான் ஏணியில நின்னு கேசிங் அடிச்சார். எதுக்குன்னு கேட்டார், தறி அதிர்வுல நெட் அறுந்ததைச் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருந்தா அந்தச் செவுத்துப் பக்கமே போக விட்டிருக்க மாட்டேனே"ன்னார்.

கன்னங்குறிச்சி அண்ணா, கொண்டலாம்பட்டி அண்ணா, ஏற்காடு அக்கா, உங்க மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அக்கா அந்த நாள்கணக்கைக் கேட்கலன்னா நான் இன்னும் நெட் கம்பெனிக்குப் போன் போட்டுட்டு இருந்திருப்பேன்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும். நான் பேசினதுக்குப் பதில் சாட்ல வர 20 செகண்டுக்கு மேல ஆகுது. இதுவும் குறையா?

கன்னங்குறிச்சி:

குறை இல்லை தம்பி. யூட்யூப் லைவ் செட்டிங்ஸ்ல லேட்டன்சி (தாமதம்) நார்மல்ல இருக்கும், லோ லேட்டன்சிக்கு மாத்துங்க. அல்ட்ரா லோ வேண்டாம். அதுல பார்க்கிறவங்க பக்கம் முன்கூட்டியே இறங்கி நிக்கிற வீடியோ ரொம்பக் குறைஞ்சிடும், போன் டேட்டாவுல பஸ்ல உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்கு மறுபடியும் வட்டம் சுத்த ஆரம்பிச்சிடும்.

அம்மாபேட்டை தறிவீடு:

லோ வச்சேன் அண்ணா, நல்லா குறைஞ்சிடுச்சு. இன்னைக்கு 9 மணிக்கு லைவ், நேரம் இருந்தா வாங்க.