வாட்ச் விமர்சனம்: யார் எழுதுவதை நம்பி வாங்குவது?

கதிர்78

வணக்கம். முதல்முறையாக ஓர் ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை அசைவிலேயே சாவி ஏறுவது) வாங்கப் போகிறேன். டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் பவர்மேட்டிக் 80 அல்லது சீகோ 5, இரண்டில் ஒன்று. யூடியூபையும் ஆங்கிலத் தளங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டேன். எதைத் திறந்தாலும் "இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடையாது" என்கிறார்கள். இரண்டைப் பற்றியும் அதையேதான் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிறவன் யாரை நம்புவது?

சாவிகொடுத்தவன்

கதிர், எழுதுகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பெரிய தளங்களில் பலவற்றுக்கு அது வாட்ச் விற்கிறவர்களிடமிருந்துதான் வருகிறது.

ஹோடின்கீ தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் பெஞ்சமின் கிளைமர் நியூயார்க்கில் ஆரம்பித்த வலைப்பதிவு அது. பழைய வாட்ச்களைப் பற்றி அவ்வளவு ஆசையாக எழுதினார். அதைப் படித்துத்தான் எங்களில் பலர் இதற்குள் வந்தோம். அப்புறம் ஸ்ட்ராப் விற்றார்கள், பழைய வாட்ச் விற்றார்கள், 2017இல் புது வாட்ச் விற்கும் டீலரும் ஆனார்கள். 2020 டிசம்பரில் 4 கோடி டாலர் முதலீடு வந்தது. பணம் போட்டவர்களில் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் முதலீட்டுப் பிரிவும் உண்டு. டாக் ஹாயர், ஜெனித், ஹூப்லோ என்ற மூன்று வாட்ச் கம்பெனிகளும் அந்தக் குழுமத்துடையவை. 2021இல் கிரவுன் அண்ட் காலிபர் என்ற செகண்ட் ஹேண்ட் வியாபாரத்தை வாங்கினார்கள். 2024இல் ஹோடின்கீயையே வாட்சஸ் ஆஃப் ஸ்விட்சர்லாந்து வாங்கிக்கொண்டது. அது பிரிட்டனின் பெரிய ரோலக்ஸ் டீலர்.

அங்கே எழுதுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கடையும் பத்திரிகையும் ஒரே கல்லாவில் காசு போடும்போது குறை எழுதுகிற கை தானாகவே மெதுவாகிவிடும். புது வாட்ச் வெளியாகிற நாளில் கவனியுங்கள். கம்பெனி குறித்த நேரம் வந்ததும் அத்தனை தளங்களிலும் ஒரே நிமிடத்தில் கட்டுரை வரும். கம்பெனி கொடுத்த அதே படங்கள், அதே அளவுகள். கையில் கட்டிப் பார்த்தோம் என்பார்கள். ஒரு மேஜையில் பத்து நிமிடம் கட்டியிருப்பார்கள். அதை விமர்சனம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

மீனா_டி

இதில் பாதி சரி, பாதி அநியாயம்.

ஒரு மெஷினைக் கழற்றி எஸ்கேப்மென்ட் (டிக் டிக் என்று விட்டுவிட்டு ஓட வைக்கும் பாகம்) எப்படி வேலை செய்கிறது, வேகத்தை நிர்ணயிக்கிற இந்த பாலன்ஸ் ஸ்பிரிங்குக்கு ஏன் இந்த உலோகம் என்று நாலாயிரம் வார்த்தை எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? சம்பளம் வாங்குகிறவருக்குத்தான். ஜெனீவாவில் நடக்கும் வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ் கண்காட்சிக்குப் போய் நூறு வாட்சைக் கையில் எடுத்துப் பார்க்க யாரை அனுமதிப்பார்கள்? அவர்களைத்தான். நாம் திட்டுகிற இந்தத் தளங்களின் பழைய கட்டுரைகளை எடுத்துவிட்டால் வாட்ச் வரலாறு பற்றி இணையத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

விளம்பரம் வாங்கினால் வாய் அடைத்துவிடும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. சிங்கப்பூரிலிருந்து வரும் எஸ்ஜேஎக்ஸ் தளத்தைப் படியுங்கள். கோடி ரூபாய் வாட்சாக இருந்தாலும் பாலிஷில் குறை இருந்தால் குறை என்றே எழுதுவார்கள்.

கடைக்காரர் விமர்சனம் செய்வதைக்கூட நான் தப்பு என்று நினைக்கவில்லை. லாங் ஐலண்ட் வாட்ச் நடத்துகிறவர் வீடியோ போடுகிறார்; அவர் கடைக்காரர் என்று பெயரிலேயே இருக்கிறது. டெடி பால்டசாரே யூடியூபில் ஆரம்பித்து டீலர் ஆனவர், அதுவும் ஊருக்கே தெரியும். தெரிந்தபின் பார்ப்பவர் தள்ளுபடி செய்துகொண்டு பார்க்கலாம். ஓசியில் வாட்ச் வாங்கிக்கொண்டு மூச்சுவிடாத சின்ன சேனல்தான் ஆபத்து. நம் நாட்டில் விளம்பரத் துறையின் சுய கட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021லேயே விதி போட்டது. 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. இலவசப் பொருள், இலவசப் பயணம், தள்ளுபடி எதுவானாலும் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். தமிழில் வாட்ச் வீடியோ போடுகிறவர்களில் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

சாவிகொடுத்தவன்

மீனா அவர்களே, "தெரிந்தால் போதும்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நெதர்லாந்தின் ஃப்ராடெல்லோ தளம் வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஒமேகா கம்பெனியின் ஸ்பீட்மாஸ்டர் மாடல் பற்றி எழுதிவந்தது. நல்ல எழுத்து, மறுக்கவில்லை. 2017இல் ஒமேகா அந்தத் தொடரின் பெயரிலேயே ஒரு மாடலை வெறும் 2,012 எண்ணிக்கையில் வெளியிட்டது, சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. எல்லாம் வெளிப்படை, எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்தத் தளம் ஸ்பீட்மாஸ்டரைப் புகழ்ந்தால் எவ்வளவு தள்ளுபடி செய்வது, நீங்களே சொல்லுங்கள். கணக்கே கிடையாது.

ஓசூர்வாசி

நான் டைட்டன் ஊர்க்காரன். வாட்ச் ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. என் கட்சி இரண்டு பேருக்கும் எதிர்ப்பக்கம்: உரிமையாளர்கள் கூடிப் பேசுகிற இடத்தில்தான் உண்மை வரும்.

2009 டிசம்பரில் டாக் ஹாயர் காலிபர் 1887 என்ற குரோனோகிராப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள) மெஷினைத் தன் சொந்தத் தயாரிப்பு என்று அறிவித்தது. பத்திரிகைகள் அப்படியே போட்டன. வாட்ச் பிரியர்கள் படத்தை வைத்துப் பார்த்து, இது சீகோவின் மெஷின் அமைப்பு ஆயிற்றே என்று விவாதத் தளங்களில் எழுதினார்கள். சீகோவிடமிருந்து உரிமை வாங்கி மாற்றியமைத்தோம் என்று அப்புறம் கம்பெனித் தலைவரே விளக்கம் தர வேண்டியதாயிற்று. நல்ல மெஷின்தான், சொன்ன விதம்தான் தப்பு. அதைக் கண்டுபிடித்ததற்கு யாருக்கும் சம்பளம் கிடையாது.

நம் பக்கம் வருகிறேன். எச்எம்டி 1961இல் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. அதன் பிறகு ஜனதா, பைலட் என்ற அதன் பழைய மாடல்கள் எல்லாவற்றுக்கும் கிராக்கி. ஆன்லைனில் விற்பனைக்கு வருவதில் ஏகப்பட்டது டயலைப் புதிதாகப் பெயின்ட் அடித்தது. சேகரிப்பவர்கள் இவற்றுக்கு மும்பை ஸ்பெஷல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தப் பெரிய தளம் இதைப் பற்றி நமக்குச் சொல்லித்தரும்? குழுவில் படம் போடுங்கள், ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். படத்தைப் பெரிதாக்கினால் எழுத்தின் விளிம்பு கசிந்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் ஒரு பக்கம் டயல் ஓரத்தை ஒட்டியும் மறுபக்கம் விலகியும் நிற்கும். ஆறு மணிக்குக் கீழே வர வேண்டிய பொடி எழுத்து காணாமல் போயிருக்கும். கேஸ் முழுக்கக் கீறல், டயல் மட்டும் நேற்று வாங்கியது மாதிரி பளபளக்கும். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிற ஜனதா பார்த்தால் அப்படியே கடந்து போங்கள்.

மீனா_டி

ஓசூர்வாசி அண்ணா, எச்எம்டி விஷயத்தில் நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் அதே குழுவில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். "இந்த மாடல் இனிமேல் கிடைக்காது" என்று திங்கட்கிழமை எழுதுகிறவர் வெள்ளிக்கிழமை அதே மாடலை விற்பனைக்குப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு எந்த வெளிப்படைத்தன்மை விதியும் கிடையாது, பெயர்கூடக் கிடையாது.

உரிமையாளர் அனுபவத்திலும் ஒரு கோணல் உண்டு. டயல் வளையம் கோணலாக வந்தவர் கோபத்தில் பத்துப் படம் போடுவார். சரியாக வந்தவர் வாட்சைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். படிக்கிறவருக்கு அந்தக் கம்பெனி வாட்ச் எல்லாமே கோணல் என்று தோன்றும்.

சாவிகொடுத்தவன்

விவாதத் தளமும் வேண்டாம், கடைத் தளமும் வேண்டாம், தனி ஆள் ஒருவர் செய்ததைப் பாருங்கள்.

2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனத்தின் ஏலத்தில் 1957ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டர் ஒன்று வந்தது, மாடல் எண் 2915-1. மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 ஸ்விஸ் பிராங்க். போனது 31 லட்சம் பிராங்குக்கு மேல். கறுப்பு டயல் காலத்தால் சாக்லேட் நிறமாக மாறியிருந்ததுதான் அதன் மவுசு. ஸ்பீட்மாஸ்டருக்கு உலக சாதனை என்று எல்லாத் தளங்களிலும் கொண்டாட்டம். பெரெஸ்கோப் என்ற தளத்தை நடத்துகிறவர் மட்டும் உதிரிபாகங்களை ஒவ்வொன்றாகப் பழைய படங்களோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார்: இது பல இடங்களிலிருந்து பாகம் சேர்த்துக் கட்டிய வாட்ச். 2023 ஜூனில் ஒமேகாவே ஒப்புக்கொண்டது. ஏலத்தில் வாங்கியதும் ஒமேகாவின் அருங்காட்சியகம்தான். முன்னாள் ஊழியர்கள் மூன்று பேர் இதில் சம்பந்தப்பட்டவர்கள் என்று கம்பெனியே சொன்னது.

அவ்வளவு ஆட்கள், அவ்வளவு பணம், ஏலத்துக்கு முன் வாட்சைக் கையில் எடுத்துப் பார்க்கும் வசதி எல்லாம் இருந்த பெரிய தளங்கள் ஏன் இதைச் செய்யவில்லை? ஏல நிறுவனமும் கம்பெனியும் அவர்களுக்கு வேண்டியவர்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

மீனா_டி

இந்த ஒன்றில் உங்களோடு நிற்கிறேன். பெரிய தளங்கள் இங்கே தவறின. ஆனால் ஸ்விட்சர்லாந்தின் நொய்யே சூர்ச்சர் சைட்டுங் நாளிதழும் அதைக் கையில் எடுத்து எழுதியது என்பதை விட்டுவிட்டீர்களே. ஆசிரியர் குழு, வக்கீல், பெயர் போட்டு எழுதும் நிருபர் எல்லாம் இருக்கிற இடம் அது. தனி ஆள் ஆரம்பித்துவைக்கலாம்; கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலை வர அப்படி ஒரு நாளிதழும் வேண்டியிருக்கிறது.

இதையே செய்தி விஷயத்தில் நீட்டிப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ரோலக்ஸ் புஹெரர் என்ற வாட்ச் கடைச் சங்கிலியை வாங்குவதாக அறிவித்தபோது, ரோலக்ஸே கடை நடத்தினால் மற்ற டீலர்கள் கதி என்ன என்ற பயத்தில் மறுநாளே வாட்சஸ் ஆஃப் ஸ்விட்சர்லாந்து பங்கு 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. டயல் நிறம் பேசுகிறவர்களிடம் அதைப் படித்து ஒன்றும் புரியாது. ராய்ட்டர்ஸும் ப்ளூம்பெர்கும்தான் அந்தக் காரணத்தைச் சொன்னார்கள். ஸ்விஸ் வாட்ச் கூட்டமைப்பு மாதாமாதம் ஏற்றுமதிக் கணக்கு வெளியிடுகிறது, யாரும் படிக்கலாம். பல வாட்ச் கம்பெனிகளை வைத்திருக்கும் ஸ்வாட்ச் குழுமமும் ரிஷ்மோன் குழுமமும் பங்குச் சந்தையில் இருப்பதால் வருடக் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும். ரோலக்ஸ் காட்ட வேண்டியதில்லை. "ரோலக்ஸ் இவ்வளவு வாட்ச் செய்தது" என்று எங்கே படித்தாலும் அது மார்கன் ஸ்டான்லி வங்கி போன்றவர்களின் மதிப்பீடு. மதிப்பீடு என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதுகிற தளத்தை நான் மறுபடி திறப்பதில்லை.

கதிர்78

எல்லோருக்கும் நன்றி. ஆனால் என் கேள்வி எங்கோ போய்விட்டது. 31 லட்சம் பிராங்க் வாட்ச் நான் வாங்கப் போவதில்லை. பிஆர்எக்ஸா சீகோவா?

ஓசூர்வாசி

மன்னிக்கணும் தம்பி, இதோ.

இரண்டிலும் விமர்சகர்கள் அதிகம் தொடாத இடம் ரிப்பேர். பவர்மேட்டிக் 80 என்பது ஈடிஏ என்ற ஸ்விஸ் மெஷின் கம்பெனியின் 2824 குடும்பத்து மெஷின். துடிப்பு வேகத்தை மணிக்கு 28,800 முறையிலிருந்து 21,600 ஆகக் குறைத்து, ஸ்பிரிங்கையும் மாற்றி 80 மணி நேரம் ஓட வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலை ஓடிக்கொண்டிருக்கும். இதை எல்லா வீடியோவும் சொல்லும். அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வழக்கமான ரெகுலேட்டர் நெம்புகோல் கிடையாது, தொழிற்சாலையிலேயே லேசரால் சரிசெய்து அனுப்புகிறார்கள் என்பதை வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் எழுதும் பதிவில்தான் படிப்பீர்கள். பாஸ்ட்டாக ஓடினால் பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் கை வைக்க மாட்டார், சர்வீஸ் சென்டர்தான்.

சீகோ 5இல் 4ஆர்36 என்ற மெஷின். 41 மணி நேரம்தான் ஓடும். கம்பெனி சொல்கிற வரம்பே ஒரு நாளைக்கு 45 செகண்ட் பாஸ்ட் முதல் 35 செகண்ட் ஸ்லோ வரை. ஆனால் பின்மூடியைத் திறந்து நெம்புகோலை மயிரிழை தள்ளினால் சரியாகிவிடும்; கை சுத்தமான எந்த ரிப்பேர்காரரும் செய்வார்.

சாவிகொடுத்தவன்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. டைம்கிராபர் என்ற, வாட்ச் எவ்வளவு பாஸ்ட் அல்லது ஸ்லோ என்று அளக்கும் கருவியில் வைத்துக் காட்டுகிற விமர்சகரைத் தேடுங்கள். டயல் மேலே, டயல் கீழே, சாவி கீழே என்று பல நிலைகளில் வைத்து எண்ணைக் காட்டுகிறவர் குறைந்தபட்சம் வேலை செய்கிறார். வாட்ச் சொந்தக் காசில் வாங்கியதா, கம்பெனி அனுப்பியதா என்பதையும் பாருங்கள். கம்பெனி அனுப்புவது பொறுக்கி எடுத்ததாக இருக்கலாம்.

மீனா_டி

சொந்தக் காசில் வாங்கினாலும் ஒரு வாட்ச் ஒரு வாட்ச்தான். மேலே அண்ணா சொன்ன வரம்பு 80 செகண்ட் அகலம். அதில் விமர்சகருக்கு 3 செகண்ட் வந்தது என்பதால் கதிருக்கும் வரும் என்று யார் சொன்னது? எண் காட்டினாலே அறிவியல் ஆகிவிடாது. வாங்கி ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து எழுதுகிறவரைத் தேடுங்கள் கதிர். கண்ணாடியில் கீறல் விழுந்ததா, பிரேஸ்லெட் தளர்ந்ததா, இன்னும் கட்டுகிறாரா அல்லது விற்றுவிட்டாரா. அப்படி எழுதுகிறவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். பெரிய தளங்களிலும் இருக்கிறார்கள் என்பதை சாவிகொடுத்தவன் ஏற்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

சாவிகொடுத்தவன்

ஒரு வருடம் கழித்து எழுதினால் ஏற்கிறேன். ஒரு வருடம் கழித்தும் குறை எதுவும் இல்லை என்று எழுதினால், அந்தத் தளத்துக்கு அந்தக் கம்பெனி விளம்பரம் தருகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்கிறேன்.

கதிர்78

ரிப்பேர் விஷயம் எந்த வீடியோவிலும் வரவில்லை, அதுதான் எனக்கு வேண்டியது. எங்கள் ஊரில் டிஸ்ஸோ சர்வீஸ் கிடையாது, சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். எத்தனை நாள் ஆகும், வாரண்டி முடிந்தபின் என்ன செலவு என்று நேரில் கேட்டுவிட்டு இங்கேயே போடுகிறேன். ஓசூர்வாசி அண்ணா, 4ஆர்36 திறக்கத் தெரிந்த ஆள் சேலம் பக்கம் யாராவது உண்டா?