மறு: ரெஃப்யூஜ் – தமிழ்ல என்ன போடலாம்? (அவசரம்)

எல்லாருக்கும் வணக்கம். வேளாண் பொருளாதாரப் பாடத்துக்கு பி.டி. பருத்தி (காய்ப்புழுவக் கொல்ற பாக்டீரியா நஞ்சு செடிலயே வர்ற மாதிரி மரபணு மாத்தினது) அத்தியாயம் மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், ஒரே ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டேன். ரெஃப்யூஜ். பி.டி. வயலச் சுத்தி பி.டி. இல்லாத பருத்தி 20 சதவீதம் இல்ல அஞ்சு வரிசை, எது அதிகமோ அத நடணும்னு 2002ல அனுமதி குடுத்தப்பவே விதி போட்டாங்க. பி.டி. நஞ்சுக்குப் பழகாத புழு அதுல வளந்து, பி.டி. தின்னும் பொழச்ச ஒண்ணு ரெண்டோட இணை சேரும், அந்த வாரிசு பி.டி. தின்னா பெரும்பாலும் செத்துரும், எதிர்ப்புத்தன்மை பரவறது தள்ளிப்போகும். 'அடைக்கலப் பயிர்'னு போட்டிருக்கேன், சரியா?
– பாடநூல்காரி

அம்மா, அடைக்கலம் வேண்டாம். கவுந்தி அடிகள் கண்ணகிய மாதரிகிட்ட ஒப்படைச்சாரே, அது அடைக்கலம். புழுவ யாரு யாருகிட்ட ஒப்படைச்சா? ஏமம்னு, பாதுகாப்புன்னு அர்த்தம், நல்ல சொல் சும்மா கெடக்கு, 306ஆம் குறள்ல 'ஏமப் புணை' வருது. ஏமப்பயிர்னு வைங்க. இந்த ஏமம்தான் சேமமாகி வடக்க போய் க்ஷேமம் ஆச்சு, விரிவா எழுதறேன்.
– வேர்ச்சொல் பித்தன்

எழுதாதீங்க ஐயா :) தமிழ் லெக்சிகன் அகராதில தலைகீழா இருக்கு, க்ஷேமத்துலேர்ந்துதான் சேமம். ஏமம்னா பொன்னுன்னும் ஒரு பொருள் இருக்கு. பையன் பரீட்சைல 'ஏமாத்துப் பயிர்'னு எழுதிட்டு வருவான். 'புகலிடப் பயிர்' போதும், படிச்ச உடனே புரியும்.
– எளிமைக்கட்சி

புரியுதுங்கறது சரி, ஆனா என்ன புரியுது? முன்னாடி 450 கிராம் பி.டி. விதைப் பாக்கெட்டோட பி.டி. இல்லாத விதை 120 கிராம்ல ஒரு சின்னப் பொட்டலமா தனியா வந்துச்சு, இந்த வரிசைக்குத்தான். நெறய பேரு அத வரப்புலயே வீசிட்டுப் போனாங்க, நானே பாத்திருக்கேன். முட்டாள்தனம்னு நெனைக்காதீங்க, அந்த அஞ்சு வரிசைக்கும் அதே உரம் அதே களையெடுப்புக் கூலி, வெளைஞ்சதப் புழு தின்னுட்டுப் போகும், பலன் ஊர்ல எல்லாருக்கும் நஷ்டம் நட்டவனுக்கு மட்டும், பக்கத்துக் காட்டுக்காரன் நடலன்னா நான் நட்டும் வீண். பொருளாதாரப் பாடம்ங்கறீங்க, அப்ப சொல்லுலயே இந்தக் கணக்கு தெரியணும். நான் சொல்றது 'புழுப்பங்கு'.
– பருத்திக்காட்டான்

புழுப்பங்கு!! அருமை. ஆனா பாடநூல் குழு ஒத்துக்காது.
– எளிமைக்கட்சி

இந்தக் கணக்க ஒத்துக்காம, வரிசைய நடாம விட்டு என்ன ஆச்சு? 2010ல குஜராத்ல இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒரே ஒரு பி.டி. ஜீன் வச்ச பருத்திய ஜெயிச்சிருச்சுன்னு அந்த ஜீன வித்த மான்சான்டோ கம்பெனியே சொல்லிருச்சு, அப்புறம் ரெண்டு ஜீன் பருத்தியும் தாங்கல. அரிசோனால இந்த வரிசைய ஒழுங்கா நட்டாங்க, பின்னாடி மலட்டு அந்துப்பூச்சிய விட்டாங்க, 2018ல அமெரிக்கப் பருத்திப் பகுதிகள்ல அந்தப் புழுவே இல்லன்னு அறிவிச்சாங்க.
– பருத்திக்காட்டான்

அங்க பண்ணை பெருசு, மொத்தமா கண்காணிக்க முடியும். ரெண்டு ஏக்கர்காரன்கிட்ட 20 சதவீதம் கேக்கறது வேற கதை. நஷ்டஈடு குடுக்காம விதி மட்டும் போட்டா அது விதியே இல்ல, அதுக்குப் பேரு வேற வைக்கணும்.
– இன்னொரு வாத்தியார்

நடுவுல ஒரு சந்தேகம், 'மரபணு மாற்றுப் பயிர்'னு தலைப்புல போட்டிருக்கீங்க. மாற்றுப் பயிர்னா பதிலுக்கு நடற பயிர்னு ஆகாதா? 'மாற்றிய' சரி. 2010ல பி.டி. கத்தரிக்காய நிறுத்தி வச்சப்பவே இதுக்கு சண்டை போட்டோம்.
– சந்தி பார்ப்பவர்

அது அப்புறம்! இன்னொண்ணு, பொறிப்பயிரோட கொழப்பிக்காதீங்க. பருத்தியச் சுத்தி ஆமணக்கு நடறது புழுவ அங்க இழுத்து அழிக்கறதுக்கு, இது புழுவ உயிரோட வச்சிருக்கறதுக்கு. ரெண்டுமே ஓரத்துல நடறதால 'ஓரப்பயிர்' கட்டாயம் கூடாது.
– எளிமைக்கட்சி

சரிங்க, நேரம் இல்ல. புகலிடப் பயிர்னு பெரும்பாலானவங்க சொல்றதால அதையே போடறேன், அடிக்குறிப்புல புழுப்பங்கும் யாருக்கு என்ன செலவுங்கற கணக்கும் வரும். ஏமப்பயிர மன்னிக்கணும் ஐயா.
– பாடநூல்காரி

அடிக்குறிப்புல போட்டா எவன் படிப்பான். என் எதிர்ப்ப பதிவு பண்ணிக்கங்க.
– பருத்திக்காட்டான்

எனக்கும் உடன்பாடில்ல. ஆனா புகு, புகல், காவிரி கடல்ல புகற புகார், இந்த மூணுக்கும் உள்ள உறவப் பத்தி நாளைக்குத் தனி இழைல எழுதறேன்.
– வேர்ச்சொல் பித்தன்