புதுப்பிப்பு: ஈசல் ஓய்ந்த பிறகு என்ன கட்டுவது?

ஐப்பசி முதல் மழையோடு ஈசல் கிளம்பியபோது, தூண்டில் முள்ளில் கோழி இறகால் கட்டிய போலி ஈசலை, மீன் பிடிக்கக் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் மிதக்கவிடுவது பற்றி எழுதியிருந்தேன். ஈசல் நின்றதும் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தேன்.

கனடாவில் இருக்கும் ஒரு அண்ணாவின் பதில்தான் கைகொடுத்தது. அங்கே ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்கள், இலையுதிர் காலத்தில் பெரிய பூச்சிகள் குறைந்ததும் சின்ன முள்ளுக்கு மாறுவார்களாம். மிதக்கும் போலிப் பூச்சியை விட்டுவிட்டு, நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியைப் போலக் கட்டி அமிழவிடுவார்களாம். மேலே ஒன்றும் பறக்காவிட்டாலும் அடியில் மீனுக்குத் தீனி இருக்கும்.

நம் குளத்தில் ட்ரவுட் இல்லை; அதற்குக் குளிர்நீர் வேண்டும், மலைநாட்டில் நுவரெலியாப் பக்கம்தான். ஆனால் கணக்கு ஒன்றுதான். குளத்துச் சேற்றில், கொசு போலிருந்தும் கடிக்காத ஒரு ஈயின் சிவந்த புழுக்கள் உண்டு. (அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின்; ஒட்சிசன் குறைந்த சேற்றில் பிழைக்க உதவுகிறது.) முள்ளில் சிவப்பு நூல் சுற்றி, மேலே மெல்லிய செப்புக் கம்பி ஓட்டி அமிழவிட்டேன். கெண்டை எடுத்தது, திலாப்பியாவும் எடுத்தது. இழுப்பு தெரியவே தெரியாது. நூல் சற்று நின்றாலே தூக்கிவிட வேண்டும். விரால் மட்டும் இதைச் சட்டை செய்வதில்லை.

அப்புறம், ட்ரவுட்காரர் போல இடுப்பளவு தண்ணீரில் இறங்குவது இங்கே சரிவராது, முதலை இருக்கிறது. குளக்கட்டில் நின்றே வீசுங்கள். குளம் நிரம்பி வான் பாய்ந்து தண்ணீர் கலங்கினால் தூண்டிலைச் சுருட்டிவிடலாம்.